லிஸ்ட்ல சேர்த்த டிராமா ஏன் லிஸ்ட்லயே கிடக்குது

மத்தியானம் யாராவது ஒரு நல்ல டிராமா பத்தி சொன்னா உடனே ஆசையா "அப்புறம் பாக்கணும்"னு லிஸ்ட்ல சேர்த்துக்குவோம், ஆனா ராத்திரி டிவி முன்னாடி உக்காந்தா கை தானா ஏற்கனவே நாலு தடவை பாத்த காமெடிக்குத்தான் போகும், லிஸ்ட் பாட்டுக்கு மாசக்கணக்கா வளந்துட்டே இருக்கும். ரசனை கெட்டுப்போச்சோன்னு கவலைப்பட ஒண்ணுமில்லீங்க, மூளை "இப்போ"வுக்கு ஒரு கணக்கும் "அப்புறம்"க்கு வேற கணக்கும் போடுது, அவ்ளோதான்.

1999ல டேனியல் ரீட், ஜார்ஜ் லோவன்ஸ்டீன்னு ரெண்டு பேரும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து இதை சோதிச்சு பாத்தாங்க. ஒரு பட லிஸ்ட்ட குடுத்து, இன்னைக்கு பாக்க ஒண்ணு, இன்னொரு நாளைக்கு ஒண்ணுன்னு எடுத்துக்க சொன்னா, இன்னைக்கு பாக்குறதுக்கு ஜாலியான படத்தையும் தள்ளி இருக்குற நாளுக்கு கனமான படத்தையும் எடுக்குற போக்கு தெளிவா தெரிஞ்சுது. அடுத்து 2009ல ஆஸ்திரேலியாவுல ஆன்லைன்ல டிவிடி வாடகைக்கு விடுற ஒரு கம்பெனியோட பதிவுகள வச்சு கேத்தரின் மில்க்மேன் குழு பாத்தப்போ, "பாக்க வேண்டிய" ரக படங்கள வாங்குனவங்க அதை ஜாலியான படங்கள விட அதிக நாள் வீட்லயே வச்சிருந்துட்டுதான் திருப்பி அனுப்பியிருக்காங்க.

ஏன் இப்படின்னா காமெடியோட பலன் முதல் அஞ்சு நிமிஷத்துலயே கைக்கு வந்துடும். டிராமாவுல முதல்ல நாமதான் குடுக்கணும், யாரு யாருக்கு என்ன உறவு, எதுக்கு இவங்க பேசிக்கிறதில்லன்னு எல்லாத்தையும் மனசுல பிடிச்சு வச்சுக்கணும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும், பலன் வர ஒரு மணி நேரம் ஆகும். உடனே கிடைக்கிற சின்ன பலன் தள்ளி கிடைக்கிற பெரிய பலன ஜெயிச்சுடுது, அதுவும் நாள் முழுக்க வேலை பாத்து களைச்சுப்போன ராத்திரில கேக்கவே வேணாம்.

மூடும் இதுல பெரிய பங்கு எடுத்துக்குது. 1984ல ஜென்னிங்ஸ் பிரையன்ட், டால்ஃப் ஜில்மன் ரெண்டு பேரும் ஒரு கூட்டத்த போரடிக்க வச்சு, இன்னொரு கூட்டத்த டென்ஷன் ஆக்கி, அப்புறம் டிவில இஷ்டப்பட்டத பாருங்கன்னு விட்டாங்க. போரடிச்சவங்க விறுவிறுப்பானத தேடிப்போனாங்க, டென்ஷன்ல இருந்தவங்க அந்த அளவுக்கு அது பக்கம் போகல, அமைதியானதுக்கும் நேரம் குடுத்தாங்க. யாரும் சொல்லிக்குடுக்காமயே நம்ம மனநிலைய நாமளே படத்த வச்சு சரி பண்ணிக்கிறோம்ங்கிறது எனக்கு ரொம்ப பிடிச்ச கண்டுபிடிப்பு.

இப்போ நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி படம் பாக்குற ஆப் என்ன பண்ணுதுன்னு பாப்போம். உங்கள மாதிரியே பாக்குறவங்க வேற என்ன பாத்தாங்கன்னு பொருத்திப் பாத்து அதை உங்க முன்னாடி வைக்குது, அடிப்படை இதுதான். நெட்ஃப்ளிக்ஸ் 2006ல தன்னோட கணிப்ப 10 சதவீதம் மேம்படுத்துறவங்களுக்கு 10 லட்சம் டாலர்னு போட்டி வச்சு 2009ல பரிசும் குடுத்துச்சு, அப்போ கணிக்க சொன்னது யாரு எந்த படத்துக்கு எத்தன ஸ்டார் குடுப்பாங்கன்னுதான். ஆனா ஸ்டார் குடுக்குற மனசு வேற, பிளே அமுக்குற மனசு வேற, கனமான படத்துக்கு அஞ்சு ஸ்டார் குடுத்துட்டு தினமும் லேசானத பாக்குறவங்க நெறய பேரு. 2017ல நெட்ஃப்ளிக்ஸ் ஸ்டார எடுத்துட்டு, பிடிச்சிருக்கா இல்லையான்னு மட்டும் சொல்ற கட்டைவிரல் பட்டன கொண்டு வந்துச்சு. இன்னைக்கு இந்த சிஸ்டம் எல்லாம் பெரும்பாலும் நீங்க எத பாத்தீங்க, எங்க நிறுத்துனீங்கங்கிறதுல இருந்துதான் கத்துக்குது, அதாவது களைச்சுப்போன ராத்திரி நேர உங்களத்தான் அதுக்கு நல்லா தெரியும், அதனால முதல் வரிசைல காமெடி மேல காமெடியா வந்து நிக்குது. அந்த கம்பெனி ஆளுங்களே 2015ல எழுதுனபடி 60லிருந்து 90 விநாடிக்குள்ள பிடிச்சது கிடைக்கலன்னா ஆளு ஆர்வம் இழந்துடுறாரு, அதுக்குள்ள ஒண்ணு ரெண்டு ஸ்கிரீன்தான் பாத்திருப்பாரு.

இவ்ளோ இருக்குன்னாலதான் குழப்பம்னு சொல்லுவாங்க, ஆனா 2010ல அந்த மாதிரி சோதனைகள ஒண்ணா சேத்து பாத்தப்போ எண்ணிக்கை கூடுறதோட சராசரி பாதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். என்ன வேணும்னே தெரியாம உக்காரும்போதுதான் நீளமான லிஸ்ட் கடிக்குது. அதனால டிராமாவ ராத்திரி தேடவே கூடாதுங்கிறது என் கருத்து, பகல்லயே இன்னைக்கு இதுதான்னு ஒண்ண முடிவு பண்ணிடணும், முடிஞ்சா கூட பாக்குறவங்ககிட்ட சொல்லியும் வச்சிடணும். காமெடிக்கு இந்த ஏற்பாடெல்லாம் வேணாம், அப்பவே எடுத்துக்கலாம், ஆனா தனியா பாக்காதீங்க, தனியா இருக்கிறத விட கூட ஆளு இருக்கும்போது மனுஷங்க ஏறக்குறைய 30 மடங்கு அதிகமா சிரிக்கிறாங்கன்னு ராபர்ட் புரோவைன் கண்டுபிடிச்சாரு.

டிராமாவையும் சேர்ந்து பாக்கலாம். ராபின் டன்பார் குழு 2016ல ஒரு கூட்டத்துக்கு மனச உலுக்குற டிராமாவும் இன்னொரு கூட்டத்துக்கு சாதாரண ஆவணப்படமும் போட்டு முன்னாடியும் பின்னாடியும் எவ்ளோ வலி தாங்குறாங்கன்னு அளந்தாங்க. டிராமா பாத்தவங்களுக்கு தாங்குற அளவு சராசரியா கூடுச்சு, பக்கத்துல உக்காந்து பாத்தவங்களோட நெருக்கமும் கூடுச்சு. அவங்க விளக்கம் எண்டார்ஃபின், அதாவது வலிய குறைக்க உடம்பே சுரக்கிற, சிரிக்கும்போதும் வர்ற அதே வஸ்து.

கதைய தெரிஞ்சுகிட்டா சுவாரஸ்யம் போயிடுமோன்னு பயந்து எதுவும் கேக்காமயே டிராமாவ தள்ளிப்போடுறவங்களும் உண்டு. 2011ல நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்ட் குழு சிறுகதைகள வச்சு பாத்த சோதனைல, முடிவ முன்னாடியே தெரிஞ்சுகிட்டு படிச்சவங்க சராசரியா கூடுதலாத்தான் ரசிச்சிருந்தாங்க. படம் வேற, சிறுகதை வேறதான், ஆனாலும் யாரு எவருன்னு கொஞ்சம் விசாரிச்சுட்டு உக்காந்தா அந்த முதல் அரை மணி நேர பாரம் நல்லாவே குறையும்.