கணக்கு வரவில்லையா, கேள்வியைப் படிக்க வரவில்லையா?

‘ஒரு பெட்டியில் 24 பென்சில்கள் இருக்கின்றன. அவற்றை 6 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எத்தனை கிடைக்கும்?’

ஒரே வகுப்பில் மூன்று குழந்தைகள் இந்தக் கேள்விக்குத் தவறான விடை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று தாளிலும் ஒரே சிவப்புக் குறி. மதிப்பெண் பட்டியலில் மூவருமே ‘கணக்கில் பின்தங்கியவர்கள்’.

முதல் குழந்தை ‘பங்கிட்டால்’ என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கத்தை மறந்துவிடுகிறது. இரண்டாவது குழந்தை தடையில்லாமல் படிக்கிறது. ஆனால் ‘சமமாகப் பங்கிடுவது’ என்றால் என்னவென்று தெரியாததால் கண்ணில் பட்ட இரண்டு எண்களையும் கூட்டி 30 என்று எழுதுகிறது. மூன்றாவது குழந்தைக்கு வகுக்க வேண்டும் என்பது வரை தெரிகிறது, ஆறாம் வாய்ப்பாடுதான் நினைவில் நிற்கவில்லை. கணக்கில் சிக்கல் உள்ளவர் இந்த மூன்றாமவர் மட்டுமே. மாலையில் மூவரையும் உட்காரவைத்து இன்னும் 20 வகுத்தல் கணக்குகளைக் கொடுத்தால், முதல் இருவருக்கும் பள்ளி நேரம் நீண்டதுதான் மிச்சம்.

மாணவர்களின் பலவகைத் தேவைகள் என்றதும் ஆசிரியர்களுக்கு மலைப்பு வருவது நியாயமே. 40 பேருக்கு 40 விதமாகப் பாடம் தயாரிக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. பாடத்தின் இலக்கு எல்லாருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். அந்த இலக்குக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் எந்தக் குழந்தை நிற்கிறது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவிட்டால், செய்ய வேண்டிய மாற்றம் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும்.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் வெளியிட்ட முறை இதற்கு இன்றும் நல்ல கருவி. தவறாகச் செய்த கணக்கைக் குழந்தையின் முன் மறுபடி வைத்து, ஐந்து படிகளை வரிசையாகக் கேட்க வேண்டும். கேள்வியை எனக்குப் படித்துக் காட்டு. என்ன கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள், உன் சொற்களில் சொல். எப்படிச் செய்யப்போகிறாய்? இப்போது செய்து காட்டு, செய்யும்போதே வாய்விட்டுச் சொல். கடைசியாக, விடையை எழுது. எந்தப் படியில் முதலில் தடுமாற்றம் வருகிறதோ அதுதான் சிக்கல் உள்ள இடம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும். வகுப்பு முழுவதற்கும் செய்ய வேண்டியதில்லை. ஒரே வகைக் கணக்கில் அடுத்தடுத்து இரண்டு முறை தவறியவர்களை மட்டும், நாளைக்கு இருவர் என்று அழைத்தால் போதும்.

இதைச் செய்யும்போது ஆசிரியர் அடிக்கடி செய்யும் பிழை, தடுமாறிய இடத்திலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவது. கை பரபரக்கும். ஆனால் இரண்டாம் படியில் நாம் உதவிவிட்டால் மூன்றாம் படியில் அந்தக் குழந்தை தானாக என்ன செய்திருக்கும் என்பது தெரியாமலே போய்விடும். முதலில் ஐந்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கற்பித்தல் பிறகு.

முதல் படியிலேயே, அதாவது வாசிப்பிலேயே நின்றால் ஒரு எளிய சோதனை உண்டு. அதே கடினத்தில் ஐந்து கேள்விகளைக் குழந்தை தானே படித்துச் செய்யட்டும். இன்னும் ஐந்தை நீங்கள் படித்துக் காட்டுங்கள். இரண்டு மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் தடை வாசிப்பில் இருக்கிறது. அப்போது இரண்டு வேலைகளைப் பிரித்துவிட வேண்டும். கணக்கு வேளையில் கேள்வியை யாராவது படித்துக் காட்டட்டும், கணக்கு தேங்கக் கூடாது. வாசிப்புக்குத் தனியாகத் தினமும் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். ‘முதலில் படிக்கக் கற்றுக்கொள், பிறகு கணக்கைப் பார்க்கலாம்’ என்று காத்திருந்தால் ஓராண்டில் அந்தக் குழந்தைக்கு இரண்டு பாடமும் போய்விடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன செய்வது என்பதிலும் துல்லியம் தேவை. தமிழில் 247 எழுத்துகளையும் அ முதல் மறுபடி எழுதவைப்பது பலனளிப்பதில்லை. குழந்தை படிக்கும்போது எந்த எழுத்தில் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் சில குறிகளே திரும்பத் திரும்ப வரும். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிரொலியின் குறி மெய்க்கு முன்னால் எழுதப்படுகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’, ‘கோ’ இரண்டிலும் குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகல்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. இவற்றில் இரண்டே குறிகளை எடுத்துக்கொண்டு, அவை வரும் சொற்களை ஒலித்து, பிரித்து, சேர்த்து, எழுதிப் பழக்கினால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். பல மாதங்கள் இப்படி முறையாகக் கற்பித்தும் நகரவில்லை என்றால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ளதா என்று தகுதியுள்ளவரிடம் மதிப்பீடு செய்யச் சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியாவுக்கும் அறிவுத்திறன் குறைவுக்கும் தொடர்பில்லை என்பதைப் பெற்றோரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் சோதித்தாக வேண்டும். பிறந்ததிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் குழந்தைக்குத் தனக்குப் பார்வை மங்கல் என்றே தெரியாது, எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துக் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுவது, கண்ணைச் சுருக்குவது, தலையைச் சாய்ப்பது எல்லாம் அறிகுறிகள். நிறப்பார்வைக் குறைபாடு இன்னும் கவனிக்கப்படாத ஒன்று. பெண்களைவிட ஆண்களிடம் இது பல மடங்கு அதிகம், சில மக்களிடையே 12 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. ‘சிவப்பில் எழுதியவை தவறு, பச்சையில் எழுதியவை சரி’ என்று சொன்னால் அந்த மாணவர் குழம்பித்தான் போவார். நிறத்தோடு ஓர் அடிக்கோடோ குறியோ சேர்த்தால் முடிந்தது. சளி பிடித்தபின் நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் வாரக்கணக்கில் குறைந்து, பிறகு மீளலாம். ‘நேற்று நன்றாகப் பதில் சொன்னான், இன்று வேண்டுமென்றே கேட்கவில்லை’ என்ற புகாருக்குப் பின்னால் இதுவும் இருக்கக்கூடும்.

காது கேட்கும் கருவி அணிந்த குழந்தையை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதுண்டு. கருவி எல்லா ஒலியையும் பெருக்குகிறது, மின்விசிறிச் சத்தத்தையும் நாற்காலி இழுபடும் சத்தத்தையும் சேர்த்துத்தான். ஓரிரு மீட்டர் தூரத்துக்குள் முகம் தெரியும்படி பேசினால்தான் பேச்சு தெளிவாகப் போய்ச்சேரும். பலகையைப் பார்த்தபடி பேசினால் உதட்டசைவும் போய்விடுகிறது. எழுதி முடித்துத் திரும்பிய பிறகு பேசுங்கள். பின்வரிசை மாணவர் சொன்ன விடையை ஆசிரியர் ஒருமுறை திருப்பிச் சொன்னால் இந்தக் குழந்தைக்குக் கேட்கும், மற்றவர்களுக்கும் பயன்தான்.

இப்படி ஒருவருக்காகச் செய்வது பலருக்கு உதவும் என்பதே அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு என்ற அணுகுமுறையின் அடிப்படை. 1984இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற அமைப்பு இதை வளர்த்தெடுத்தது. ஆர்வத்தைத் தூண்ட ஒன்றுக்கு மேற்பட்ட வழி, பாடத்தை முன்வைக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி, கற்றதை வெளிப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட வழி என்று மூன்றாகச் சொல்வார்கள். இதைக் ‘கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர்’ என்று மாணவர்களை வகை பிரிப்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கற்றல் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட உளவியலாளர்கள் 2008இல் ஆராய்ந்து எழுதினார்கள். படத்தோடு சொல்லும் சேர்ந்தால் எல்லாருக்கும் நல்லது. ‘நீ காதால் கற்பவன், உனக்குப் படம் வேண்டாம்’ என்பதுதான் தவறு.

வாய்வழிக் கட்டளைகளில் நிறைய குழந்தைகள் வழி தவறுகிறார்கள். ‘புத்தகத்தை மூடிவிட்டுக் குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்டு, நேற்றைய பாடத்துக்குக் கீழே கோடு கிழித்து, மூன்றாம் கேள்விக்கு மட்டும் விடை எழுதுங்கள்’ என்பது ஐந்து கட்டளை. கவனத்தை நிறுத்துவதில் சிரமம் உள்ள குழந்தை இரண்டாவதிலேயே கழன்றுவிடும், வகுப்பு மொழி வீட்டு மொழியாக இல்லாத குழந்தையும் அப்படியே. ஒரு நேரத்தில் ஒரு படி சொல்லி, ஐந்தையும் பலகையின் ஓரத்தில் எண்ணிட்டு எழுதிவிட்டால் போதும். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘முதலில் என்ன செய்யப்போகிறாய்?’ என்று கேளுங்கள்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத மாணவர்களும் பேசினார்கள். திக்கிப் பேசும் குழந்தைக்கு இந்த அமைதி இன்னும் முக்கியம். அதன் வாக்கியத்தை நாம் முடித்துவைக்கக் கூடாது, ‘மெதுவாகச் சொல்’ என்றும் சொல்லக் கூடாது. முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே உதவி.

அடுத்தது தேர்வு. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்ற சண்டை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. விதி ஒன்றுதான்: எதைச் சோதிக்கிறோமோ அதைத் தொடாதீர்கள், அதைச் சுமந்துவரும் வண்டியை மாற்றுங்கள். ஒளிச்சேர்க்கை புரிந்ததா என்று சோதிக்கும் தாளில் கையெழுத்தும் வேகமும் வண்டிதான். ஆகவே வாய்மொழியாகச் சொல்லலாம், தட்டச்சு செய்யலாம், படம் வரைந்து பெயர் குறிக்கலாம், கூடுதல் நேரம் தரலாம். ஆனால் எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவதைச் சோதிக்கும் தாளில், பிழை திருத்தும் மென்பொருளைக் கொடுத்தால் தேர்வே இல்லாமல் போகிறது. வாசிப்புத் தேர்வில் பத்தியைப் படித்துக் காட்டுவதும் அப்படியே. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, தனிநபர் தேவைக்கேற்ற நியாயமான வசதிகளைக் கல்வியில் உரிமையாகவே பேசுகிறது. கூடுதல் நேரம் கேட்கும் பெற்றோரைச் சலுகை கேட்பவராகப் பார்ப்பது சரியல்ல.

தாளின் அமைப்பிலும் கவனம் வேண்டும். வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டு, இடப்பக்கம் மட்டும் சீராக நிறுத்தி, ஒரு பக்கத்தில் குறைவான கேள்விகளோடு அச்சிட்டால் வாசிப்புச் சிரமம் உள்ளவர்களுக்கு நல்லது. பார்வைக்குறைவு உள்ளவருக்கு 18 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள பெரிய எழுத்தில் புதிதாக அச்சிடுங்கள். நகலெடுக்கும் இயந்திரத்தில் பெரிதாக்கினால் கோடுகள் கலங்கி, தாள் மேசையை விடப் பெரிதாகிவிடும்.

வேகமாகக் கற்கும் குழந்தைகளின் தேவையும் தேவைதான். முடித்துவிட்டால் அதே போல இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது அவர்களைத் தண்டிப்பதற்குச் சமம். சில வாரங்களில் மெதுவாகச் செய்யக் கற்றுக்கொள்வார்கள். 20 கணக்கு உள்ள பயிற்சியில் மிகக் கடினமான ஐந்துக்கு நட்சத்திரக் குறி இடுங்கள். யார் வேண்டுமானாலும் அதை முதலில் செய்யலாம். ஐந்தில் நான்கு சரியென்றால் மீதியைச் செய்ய வேண்டியதில்லை, ‘விடை 4 வரும்படி மூன்று கேள்விகளை நீயே உருவாக்கு’ என்பது போன்ற ஆழமான வேலைக்குப் போகலாம். இந்தக் குழந்தைகளையே நாள் முழுதும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவதும் வேண்டாம், அவர்களும் கற்கத்தான் வந்திருக்கிறார்கள்.

குழு பிரிப்பது தவறில்லை, குழு உறைந்துபோவதுதான் தவறு. ‘மெல்லக் கற்போர்’ என்று ஜூனில் எழுதிய பட்டியல் மார்ச்சிலும் அப்படியே சுவரில் இருந்தால், அந்தப் பெயரைக் குழந்தைகள் தங்கள் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள். பாடம் முடியும்போது மூன்று கேள்விகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். புரிந்தது, பாதி புரிந்தது, புரியவில்லை என்று மூன்று அடுக்காக்க ஐந்து நிமிடம் ஆகும். நாளைய முதல் 15 நிமிடத்துக்கான குழுக்கள் அவை. பின்னத்தில் மூன்றாம் அடுக்கில் இருந்தவர் வடிவியலில் முதல் அடுக்கில் இருப்பது அடிக்கடி நடக்கும்.

கொடுத்த உதவியை எடுப்பதற்கும் திட்டம் வேண்டும். படிகளை எழுதிய அட்டையைக் கொடுத்தீர்கள் என்றால், இரண்டு வாரத்தில் கடைசிப் படியை மறையுங்கள், பிறகு அதற்கு முந்தியதை. தடுமாறினால் ஒரு படி பின்னே வரலாம். உதவியாளர் பக்கத்திலேயே உட்கார்ந்து பென்சிலைப் பிடித்து எழுதவைக்கும் குழந்தைக்குக் குறிப்பேடு நிறையும், கை பழகாது.

ஆண்டு முடிவில் அடுத்த ஆசிரியருக்குக் கொடுக்கும் குறிப்பில் ‘கணக்கில் பலவீனம், கவனம் தேவை’ என்று எழுதினால் அவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ‘கேள்வியைப் படித்துக் காட்டினால் 5க்கு 5, தானே படித்தால் 5க்கு 1. கொ, கோ வரும் சொற்களில் நிற்கிறது. சுவர் ஓரத்தில் உட்கார்ந்தால் கவனம் நிற்கிறது. ஆறாம் வாய்ப்பாடு வரை உறுதி’ என்று நான்கு வரி எழுதினால், முதல் நாள் காலையிலேயே அவர் வேலையைத் தொடங்கிவிடலாம்.