பெர்சோனா நான் கிராட்டா: தமிழில் எப்படிச் சொல்வது?

ஒரு நாடு வெளிநாட்டுத் தூதரை வெளியேற்றும்போதெல்லாம் செய்தியில் தலைகாட்டும் லத்தீன் தொடர் இது. நம் நாளிதழ்கள் 'விரும்பத்தகாத நபர்' என்று எழுதுகின்றன. எனக்கு அது உறுத்துகிறது. ஆளின் நடத்தையே சரியில்லை என்பதுபோல் இருக்கிறது.

'பெர்சோனா' முதலில் நாடக நடிகரின் முகமூடி. அப்புறம் வேடம், அப்புறம் ஆள். இங்கே 'நான்' நம் நான் அல்ல. 'அல்லாத' என்று பொருள். 'கிராட்டா' என்றால் மனத்துக்கு உவந்த. இதன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த இன்னொரு சொல் 'அக்ரேமான்': தூதரை அனுப்புமுன் அந்த நாட்டிடம் கேட்டுப் பெறும் இசைவு. ஆக, உள்ளே விடும் சொல்லும் வெளியே அனுப்பும் சொல்லும் ஒரே குடும்பம்.

நாடுகளுக்கிடையேயான தூதர் உறவை வரையறுக்கும் 1961 வியன்னா உடன்படிக்கையில் இசைவு 4ஆம் பிரிவில் வருகிறது, வெளியேற்றம் 9ஆம் பிரிவில். இசைவை மறுக்கவும் சரி, வெளியேற்றவும் சரி, காரணம் சொல்ல வேண்டியதில்லை. தூதர் வந்து இறங்குமுன்பேகூட 'கிராட்டா அல்ல' என்று அறிவித்துவிடலாம். கடனுக்கும் வணிகத்துக்கும் வல்லரசின் முகம் பார்க்கும் நாடும் இந்த ஓர் இடத்தில் அதற்குச் சமம்.

பொலிவியா இதைச் செய்து காட்டியது. எதிர்க்கட்சியினரோடு சேர்ந்து சதி செய்வதாகச் சொல்லி, 2008 செப்டம்பரில் அமெரிக்கத் தூதர் பிலிப் கோல்ட்பர்க்கை வெளியேறச் சொன்னார் அதிபர் ஏவோ மொராலெஸ். அமெரிக்கா அதை மறுத்தது. பொலிவியத் தூதரையும் திருப்பி அனுப்பியது. அதன்பின் பத்தாண்டுக்கு மேல் லா பாஸ் நகரின் அமெரிக்கத் தூதரகத்தில் தூதரே இல்லை, பொறுப்பு அதிகாரிதான். சமம் என்பது ஏட்டளவில். விலை யாருக்கு அதிகம் என்பது வேறு கணக்கு.

2010இல் வெனிசுவேலா செய்தது வேறு. அமெரிக்கா தூதராக அனுப்பவிருந்த லாரி பால்மர் வந்து சேருமுன்பே, கொடுத்த இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்கா பதிலுக்கு வெனிசுவேலத் தூதரின் விசாவை ரத்து செய்தது.

சரி, தமிழில்? 'ஏற்பு' என்ற வேரைப் பிடித்தால் இரண்டுக்கும் வழி கிடைக்கிறது. அக்ரேமானுக்கு 'ஏற்பிசைவு', பெர்சோனா நான் கிராட்டாவுக்கு 'ஏற்கப்படாதவர்'. 'ஏற்பிழந்தவர்' இன்னும் அழகுதான். ஆனால் வருமுன்பே தடுக்கப்பட்டவர் எதை இழந்தார்? தலைப்பில் இடம் போதாது என்று எந்த உதவி ஆசிரியரும் சொல்ல முடியாது. 'விரும்பத்தகாத நபர்' இதைவிட நீளம்.