அடமண்டைன்: வயிரமா, வச்சிரமா?

கற்பனை உலக விளையாட்டுகளில் வாளோ கவசமோ வாங்கப் போனால், விலை கூடிய வரிசையில் அநேகமாக இந்தப் பெயர் இருக்கும். அடமண்டைன், அடமண்டைட், அடமண்ட் என்று விளையாட்டுக்கு விளையாட்டு வால் மாறும். சுட்டுவது எளிதில் உடையாத ஓர் உலோகத்தை. அதைத் தமிழில் எந்தப் பெயரால் எழுதுவது என்பதே கேள்வி. 'ரூன்ஸ்கேப்'பில் வெண்கலம், இரும்பு, எஃகு, மித்ரில் எல்லாவற்றையும் தாண்டிய படி அது, நிறம் பச்சை. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஐந்தாம் பதிப்பில் அடமண்டைன் கவசம் அணிந்தவர்மேல் விழும் உக்கிரமான அடியும் சாதாரண அடியாகவே கணக்கிடப்படும்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'அடமாஸ்' என்பதற்கு 'அடக்க முடியாதது' என்று பொருள் சொல்வது வழக்கம். முன்னால் நிற்கும் 'அ' இன்மையைக் குறிக்கிறது; அடுத்து வருவது அடக்குதல் என்னும் வினை. சமஸ்கிருதத்தின் 'தம்' என்ற வேர் அந்த வினைக்கு உறவுமுறை. நளன் கதையின் தமயந்தி, 'அடக்குபவள்' என்ற பொருளில், அந்த வேரிலிருந்து வந்த பெயர்தான்.

கிரேக்கக் கவி ஹெஸியட் பாடிய தெய்வப் பரம்பரைக் கதையில், பூமித்தாய் கையா சாம்பல் நிற அடமாஸைப் படைத்து அதில் அரிவாள் செய்கிறாள். அதைக் கொண்டு மகன் குரோனஸ் தன் தந்தையான வானத்தை அறுக்கிறான். தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடி மனிதருக்குக் கொடுத்த புரொமீதியஸ், தண்டனையாகப் பாறையில் பிணைக்கப்பட்டதும் அடமாஸ் தளையால்தான். ஆக, முதலில் இது தேவர்களின் கருவிக்கு உரிய பொருள். எந்தச் சுரங்கத்திலும் கிடைக்காதது. பிறகுதான் பெயர் மண்ணுக்கு இறங்கி, கடினமான கல்லுக்கு, முடிவில் வயிரத்துக்கு ஒட்டிக்கொண்டது. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் பிளினி, அடமாஸ் எதற்கும் அசையாது, வெதுவெதுப்பான ஆட்டு ரத்தத்தில் ஊறினால் மட்டும் இளகும் என்று எழுதி வைத்தார். யாரும் ஓர் ஆட்டை வைத்துச் சோதித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் நூற்றாண்டுகள் கடந்து அந்தச் செய்தி ஏடு விட்டு ஏடு தாவியது. முதலெழுத்து உதிர்ந்து 'டயமண்ட்' ஆனதும் இதே சொல். பிரெஞ்சு மொழியில் காந்தத்தைக் குறிக்கும் 'ஏமான்' என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததே.

கனிமவியலிலும் இந்தப் பெயர் ஒரு காலம் உலவியது. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குப் போன மிகக் கடினமான பழுப்புக் கல்லை அங்கே 'அடமண்டைன் ஸ்பார்' என்றார்கள். அதன் இனத்துக்கு நிலைத்த பெயர் 'கொரண்டம்'. அது நம் குருந்தம். கனிமங்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் குருந்தத்துக்கு 9, வயிரத்துக்கு 10.

தமிழில் என்ன சொல்வது? உடனே நாவில் வருவது வயிரம். பொருத்தமும் உண்டு, வயிரம் பாய்ந்த மரம் என்னும்போது நாம் நகையை நினைப்பதில்லை, உறுதியைத்தான் நினைக்கிறோம். ஆனால் புரொமீதியஸை 'வயிரச் சங்கிலியால் கட்டினார்கள்' என்று எழுதிப் பாருங்கள். தண்டனை பரிசாகிவிடும். தவிர, வயிரம் கீறலுக்கு அஞ்சாது, சுத்தியலுக்கு அஞ்சும். ஓங்கி அடித்தால் பிளந்துவிடும். கடினம் வேறு, முறியாமை வேறு. கதைகள் கேட்பது இரண்டும் சேர்ந்த ஓர் உலோகத்தை.

என் தேர்வு வச்சிரம். வடமொழி 'வஜ்ர'மும் அடமாஸும் தனித்தனியே ஒரே பாதையில் நடந்த சொற்கள். ரிக்வேதத்தில் வஜ்ரம் இந்திரனின் படைக்கலம். தேவர்களின் கைவினைஞன் துவஷ்டா செய்து கொடுத்தது, உலோகத்தாலானது. ததீசி முனிவரின் எலும்பில் அதைச் செய்த கதை பின்னால் வருகிறது. அர்த்தசாஸ்திரத்துக்கு வரும்போது அந்தப் பெயர் வயிரக் கல்லுக்கும் ஆகிவிட்டது. வயிரம், வச்சிரம் இரண்டும் அதன் தமிழ் வடிவங்களே. அவற்றுள் ஆயுத வாடை குறையாமல் இருப்பது வச்சிரம்; சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து வச்சிரக் கோட்டம் இந்திரனின் அந்தப் படைக்கலத்துக்கு உரியது. தச்சர்களின் வச்சிரப்பசை நினைவுக்கு வரலாம். வந்தால் என்ன, அதுவும் விடாப்பிடியானதுதானே! வச்சிரக் கவசம், வச்சிர வாள், வச்சிரத் தளை எல்லாம் இடறாமல் வருகின்றன.

மார்வெல் சித்திரக்கதைகளில் 1969இல் தோன்றிய 'அடமண்டியம்' வேறு கணக்கு. சோடியம், யுரேனியம் போல் ஆய்வுக்கூட வால் ஒட்டிய பெயர் அது. கதையிலும் மனிதர் உருவாக்கிய கலப்பு உலோகம். அதை அப்படியே விட்டுவிடலாம். மித்ரிலும் அப்படியே, 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் தாமே சமைத்த எல்ஃப் மொழியில் சாம்பல் ஒளி என்று பொருள்படும் பெயரை நாம் மீண்டும் சமைக்க வேண்டியதில்லை.

இதே விளையாட்டுகளில் வரும் இன்னோர் உலோகமான ஒரிகால்கம்தான் சங்கடம். கிரேக்கத்தில் 'மலைச்செம்பு'. கிரேக்க அறிஞர் பிளேட்டோ வருணித்த அட்லாண்டிஸ் தீவில் தங்கத்துக்கு அடுத்த மதிப்பு அதற்கு; ரோமானியர்களோ அந்தப் பெயரில் பித்தளைக் காசு அடித்தார்கள். விளையாட்டில் அரும்பாடுபட்டு வென்ற வீரனிடம் பித்தளை வாளை நீட்ட மனம் வராது. அங்கே மலைச்செம்பு என்றே எழுதுவேன். ரோமானிய நாணயத்தைப் பற்றிய கட்டுரையில் மட்டும் பித்தளை.