ஓசோன்: பெயரிலேயே வாடை உள்ள வளி

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வேதியியலாளர் ஷோன்பைன், தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும்போதெல்லாம் ஒரு காரமான வாடை எழுவதைக் கவனித்தார். 1840-இல் அதற்கு 'ஓசோன்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஓசெயின்' என்றால் நாறுதல். மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்ததே அந்த வளி என்பது 1860-களில்தான் உறுதியானது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும் முன்பே மூக்கு வைத்த பெயர் இது.

தமிழில் 'ஓசெயின்' என்பதற்கு நேர்ச்சொல் 'நாறு' என்னும் வினைதான். இன்று அது கெட்ட வாடையை மட்டும் குறிக்கிறது. பழந்தமிழில் எந்த மணத்துக்கும் பொது. ஐம்புலன்களைச் சொல்லும் குறளிலும் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்றே வருகிறது. ஆக்சிஜனுக்கு 'உயிர்வளி' என்று பெயர்; அணுக்கணக்கை வைத்து ஓசோனை 'மூவுயிர்வளி' என்றும் சொல்லலாம். பாடநூலுக்கு அது பொருந்தும், எச்சரிக்கைப் பலகைக்குப் பொருந்தாது. 'உயிர்வளி' என்ற சொல்லைப் பார்த்ததும் நல்ல காற்று என்றே மனம் கொள்ளும். பலகையில் 'ஓசோன் – நச்சு வளி' என்று எழுதுவதே சரி.

பத்து இலட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம். இந்த வாடை அதற்கும் வெகு குறைவாக, 0.01 முதல் 0.05 பிபிஎம் அளவிலேயே, பலருக்குத் தெரிந்துவிடும். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு அமெரிக்கா வைத்திருக்கும் வரம்பு 0.1 பிபிஎம். 5 பிபிஎம் என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து. மூக்கு நல்ல காவலாளிதான், ஆனால் சீக்கிரம் தூங்கிவிடுவான்: கொஞ்ச நேரத்தில் வாடை பழகிப்போகும். 'இப்போது நாறவில்லையே' என்று அறையிலேயே இருப்பதுதான் பெரிய தவறு.

அறையைத் தூய்மையாக்க விற்கும் ஓசோன் கருவியில் 'மணிக்கு 5,000 மில்லிகிராம்' என்று போட்டிருக்கும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள மூடிய அறையின் காற்று சுமார் 28 கனமீட்டர். 0.1 பிபிஎம் வர அங்கே 6 மில்லிகிராம்கூட வேண்டாம்; நான்கு நொடி போதும். 5 பிபிஎம்முக்கு மூன்றரை நிமிடம்கூட ஆகாது. சுவரும் துணியும் கொஞ்சம் சிதைப்பதால் உண்மையில் இதைவிடச் சற்று மெதுவாக ஏறும். இந்தக் கருவி ஓடும் அறையில் ஆளோ செல்லப்பிராணியோ இருக்கக்கூடாது. அச்சு இயந்திரம், வெல்டிங் பொறி, சிலவகைப் புற ஊதா விளக்குகளிலிருந்தும் ஓசோன் வரும். கருவியருகே இழுத்துக் கட்டிய ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் கசிவு வெகுநாளாக இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ஓசோன் நீரில் அதிகம் கரையாது. அதனால் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடாமல் நுரையீரலின் அடிவரை போய் அங்குள்ள மென்படலத்தை அரிக்கும். இருமல், ஆழ மூச்சிழுத்தால் நெஞ்சுவலி, கண்ணெரிச்சல், தலைவலி ஆகியவை முதலில் தெரியும். அளவு மிகுந்தால் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிறிய அளவே போதும்.

வாடை வந்தால் ஓடாமல் நடந்து வெளியேறுங்கள். மூச்சு வாங்கினால் உள்ளே போகும் ஓசோனும் கூடும். முடிந்தால் அறைக்கு வெளியே இருக்கும் சுவிட்சில் மின்சாரத்தை நிறுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். துணி முகக்கவசமும் தூசி வடிகட்டும் முகக்கவசமும் வளியைத் தடுக்காது. உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு நுழையாதீர்கள். சுவாசக் கருவி அணிந்த மீட்பாளர்களைக் கூப்பிடுங்கள்.

வெளியே வந்தவரை உட்காரவைத்து இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். நடக்கவோ சுமை தூக்கவோ விடாதீர்கள். கண் எரிந்தால் சுத்தமான நீரில் 15 நிமிடம் கழுவலாம். ஓசோனுக்கு மாற்றுமருந்து கிடையாது; ஆக்சிஜன் கொடுப்பதும் கண்காணிப்பதுமே மருத்துவம். 'இருமல் நின்றுவிட்டது' என்று வீட்டுக்குப் போகிறவரையும் அன்றிரவு தனியே படுக்கவிடாதீர்கள். மூச்சுத் திணறினாலோ நுரையோடு சளி வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எவ்வளவு நேரம் ஓசோனை மூச்சில் இழுத்தார் என்பதையும் சொல்லுங்கள்.