அசிடோசிஸ் 'அமிலத்தன்மை' அல்ல

சிறுநீரகம் பழுதான என் சித்தப்பாவுக்கு ஒரு மருத்துவமனையில் தமிழில் அச்சடித்த தாள் கொடுத்தார்கள். உடலின் அமில-காரச் சமநிலை அமிலப் பக்கம் சாயும் கோளாறான அசிடோசிஸ் என்பதற்கு 'ரத்த அமிலத்தன்மை' என்று போட்டிருந்தது. சோடியம் பைகார்பனேட் மாத்திரையைப் பார்த்துவிட்டு அவர், "நெஞ்செரிச்சலே இல்லையேப்பா, அசிடிட்டி மாத்திரை எதுக்கு?" என்றார். ஒரு வாரம் தொடவே இல்லை.

ஆசிட் என்பதன் லத்தீன் மூலத்துக்குப் புளிப்பு என்று பொருள். வடமொழி வழி வந்த நம் 'அமிலம்' என்பதற்கும் அதே பொருள்தான். 'ஓசிஸ்' கிரேக்க ஒட்டு. உடலில் நடக்கும் ஒரு போக்கையோ கோளாறையோ சொல்வது. 'தன்மை' என்று எழுதியதும் அந்த நடப்பு போய்விடுகிறது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. அமிலமா காரமா என்று அளக்கும் பிஎச் அளவில் 7 நடுநிலை, அதற்கு மேல் காரம். ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரை இருக்க வேண்டும். நிலைமை மோசமாகி 7.1க்கு இறங்கினாலும் அது காரப் பக்கம்தான். ரத்தத்துக்கு அமிலத்தன்மை வருவது மிக அரிது, காரத்தன்மைதான் குறைகிறது!

சரி, வேறு என்ன சொல்வது? நண்பர் ஒருவர் 'அமிலத் தேக்கம்' என்கிறார். சிறுநீரக நோய்க்கு அழகாகப் பொருந்தும். நாம் உண்ணும் புரதத்திலிருந்து தினமும் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1 மில்லிமோல் அமிலம் சேர்கிறது. கரியமில வாயுவைப் போல இதை நுரையீரல் ஊதித் தள்ள முடியாது. சிறுநீரகம்தான் அம்மோனியாவோடும் பாஸ்பேட்டோடும் சேர்த்துச் சிறுநீரில் அனுப்புகிறது. அமிலத்தை ஈடுசெய்யும் காரமான பைகார்பனேட்டை வடிகட்டிய பின் அதையும் ஏறக்குறைய முழுதாக மீட்டு ரத்தத்துக்குத் திருப்புகிறது. அது ஓய்ந்தால் அமிலம் தேங்கும்தான். ஆனால் கடும் வயிற்றுப்போக்கில் பைகார்பனேட் வெளியே போய்த்தான் அசிடோசிஸ் வருகிறது. அங்கே தேங்கியது எது? கட்டுமீறிய நீரிழிவில் கீட்டோன் அமிலம் அளவுமீறிச் சுரக்கிறது. அதுவும் வடிகால் அடைத்த கதை அல்ல. 'அமிலமயமாதல்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அது கடலுக்குச் சொல்கிற சொல், அங்கேயே இருக்கட்டும்.

என் வாக்கு 'அமில மிகை'க்கு. காரத்தோடு இருக்க வேண்டிய சமநிலையை மிஞ்சி அமிலம் நிற்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். காரணம் எதுவானாலும் பொருந்தும். 'மிகினும் குறையினும் நோய்செய்யும்' என்று குறளே மருந்து அதிகாரத்தில் சொல்வதால், மருத்துவத்துக்கு மிகை புதிதும் அல்ல. எதிர்ப்பதமான அல்கலோசிஸ் 'கார மிகை' ஆகும்போது மட்டும் கொஞ்சம் மிளகாய் நெடி அடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

அசிடிட்டி, அசிடோசிஸ், ரத்தத்தின் பிஎச் இயல்புக்குக் கீழே இறங்கிய நிலையான அசிடீமியா மூன்றுக்கும் அகராதியில் கிடைத்த முதல் சொல்லையே ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களுக்கு இதெல்லாம் வீண் வம்பாகத் தெரியலாம். சித்தப்பாவிடம் நான், "உடம்புல அமிலம் மிஞ்சிப்போச்சு, அதுக்கு ஈடா இந்தச் சோடா உப்பு" என்றேன். தண்ணீர் கேட்டார்.