பிரீஸ்டைல்: யோயோ மேடையில் தன்பாணி ஆட்டம்

நூலில் ஏறி இறங்கிச் சுழலும் வட்டுதான் யோயோ. யோயோப் போட்டியில் 'பிரீஸ்டைல்' என்பது ஒரு சுற்றின் பெயர். ஆட்டக்காரர் தானே தெரிவு செய்த பாட்டுக்கு, தானே கோத்து அமைத்த வித்தைகளை, குறித்த நேரத்துக்குள் மேடையில் ஆடிக் காட்ட வேண்டும். இதைத் தமிழில் 'தன்பாணி ஆட்டம்' என்று சொல்லலாம். 'கட்டற்ற ஆட்டம்' என்றும் 'சுதந்திர ஆட்டம்' என்றும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர்கள் உண்டு. அந்த இரண்டும் பிள்ளைகளைத் தவறான பக்கம் கொண்டுபோகின்றன என்பதால்தான் இந்த விளக்கம்.

இலங்கையின் மலையகத்தில் யோயோ தெரியாத பிள்ளை குறைவு. தேர்த்திருவிழாக் கடைகளில் பலூனுக்கும் ஊதுகுழலுக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக் யோயோவும் தொங்கும். இப்போது கைபேசியில் உலகப் போட்டிகளைப் பார்த்துவிட்டு, அச்சில் பேரிங் வைத்த யோயோ தேடி வாங்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் முதலில் வருவது இந்தச் சொல்தான். "பிரீஸ்டைல்னா எப்படி வேணும்னாலும் ஆடலாம்தானே, சேர்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் பிழை இல்லை. 'பிரீ' என்றால் இலவசம், தடையில்லாதது என்றுதான் நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் இந்தச் சுற்று தடையில்லாத சுற்று அல்ல. யோயோப் போட்டியில் விதிகள் அதிகம் குவிந்து கிடப்பதே இங்கேதான்.

முதலில் யோயோ. இந்தப் பெயர் பிலிப்பைன்ஸ் மொழிகளிலிருந்து வந்தது. வடக்கு பிலிப்பைன்ஸின் இலோகானோ மொழியைத்தான் அகராதிகள் பெரும்பாலும் மூலமாகக் காட்டுகின்றன. 'திரும்பி வா' என்று பொருள் என்பார்கள், காட்டில் வேட்டை ஆயுதமாக இருந்தது என்பார்கள். இரண்டும் கேட்க நன்றாக இருக்கின்றன, ஆனால் ஆதாரமில்லாதவை. விளையாட்டுப் பொருள் மட்டும் பெயரைவிட மிகப் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கலம் ஒன்றில், ஒரு சிறுவன் நூலில் வட்டைத் தொங்கவிட்டு ஆடும் ஓவியம் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸிலும் இங்கிலாந்திலும் பெரியவர்களே இதை ஆடினார்கள்; அங்கே வேறு வேறு பெயர்கள் இருந்தன. பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்கா போன பெட்ரோ புளோரெஸ் 1928இல் கலிபோர்னியாவில் இதைச் செய்து விற்கத் தொடங்கியபோதுதான் 'யோயோ' என்ற பெயர் உலகத்துக்குப் போனது. பிறகு டொனால்ட் டங்கன் அந்தத் தொழிலை வாங்கி, பெயரைத் தன் வணிகச் சின்னமாக வைத்திருந்தார். 1965இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, இது பொருளுக்கே உரிய பொதுப்பெயராகிவிட்டது, தனி ஒருவருக்குச் சொந்தமில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

யோயோவுக்கு 'கயிற்றுருளை', 'ஏறிறங்கி' என்றெல்லாம் சொல் ஆக்கலாம். வேண்டாம் என்பதே என் கருத்து. உலகம் முழுவதும் ஒரே பெயரில் புழங்கும் பொருள் இது. தமிழ் வாய்க்கும் எளிதாக வருகிறது. நம் தேயிலைத் தோட்டங்களில் ஆங்கிலத்து 'லைன்' லயமானது, அதாவது தொழிலாளர் வரிசை வீடு; 'பரேட்' பெரட்டானது, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கக் கூடுவது. லயமும் பெரட்டுக்களமும் இன்று யாருக்கும் அந்நியச் சொல்லாகத் தெரிவதில்லை. அவற்றுக்கு வேற்றுமை உருபு சேர்கிறது, பழமொழியே உருவாகும் அளவுக்கு அவை வாழ்க்கையோடு கலந்துவிட்டன. யோயோவும் அப்படியே இருக்கட்டும். பெயரைக் கடன் வாங்குவதில் இழப்பில்லை. ஆனால் பிரீஸ்டைல் ஒரு பொருளின் பெயர் அல்ல, ஒரு கருத்து. கருத்தைக் கடன் சொல்லிலேயே விட்டுவிட்டால் பிள்ளைக்கு அது விளங்காமலே போகும்.

பிரீஸ்டைல் இரண்டு சொற்களின் சேர்க்கை. 'ஸ்டைல்' இலத்தீன் மொழியில் எழுத்தாணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. எழுத்தாணி, பிறகு எழுதும் விதம், பிறகு எதையும் செய்யும் விதம் என்று பொருள் விரிந்தது. 'பிரீ' என்பதன் வேர் இன்னும் ஆச்சரியமானது. அந்தச் சொல்லின் மிகப் பழைய வேருக்கு அன்பு, விருப்பம் என்ற பொருள். ஆங்கிலத்தில் நண்பரைக் குறிக்கும் 'பிரெண்ட்' அதே வேரில் பிறந்தது. வடமொழியின் 'பிரிய' என்பதும் அதே குடும்பம். அங்கிருந்து தமிழுக்கு வந்து நாம் நாளும் சொல்லும் 'பிரியம்' என்ற சொல்லும் ஆக, பிரீஸ்டைலின் தூரத்து உறவுதான். விரும்பியபடி என்ற பொருள்தான் அடியில் இருக்கிறது. கட்டுப்பாடு இல்லை என்ற பொருள் அதன் மேல் வந்து படிந்தது.

விளையாட்டில் இந்தச் சொல் நுழைந்ததும் ஒவ்வொரு இடத்திலும் வேறு பொருள் எடுத்தது. நீச்சலில், எந்த முறையிலும் நீந்தலாம் என்று விட்ட போட்டி அது. கைகளை மாறி மாறி வீசி நீந்துவதுதான் வேகம் என்பதால் எல்லோரும் அதையே நீந்த, அந்த நீச்சலுக்கே அது பெயராகிவிட்டது. நம் விளையாட்டுச் செய்திகளில் 'சாதாரண நீச்சல்' என்று எழுதுவதுண்டு. அங்கே அது சரி. அதை அப்படியே எடுத்து 'சாதாரண யோயோ' என்றால் பொருளே தலைகீழாகிவிடும். மல்யுத்தத்தில், இடுப்புக்குக் கீழே பிடிக்கலாமா கூடாதா என்பதுதான் பிரீஸ்டைலுக்கும் கிரேக்க-ரோமன் முறைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. ஆகவே எல்லா விளையாட்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் பூட்ட முடியாது. எதிலிருந்து விடுதலை என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

யோயோவில் எதிலிருந்து விடுதலை? கட்டாய வித்தைப் பட்டியலிலிருந்து. பழைய டங்கன் காலப் போட்டிகளில் பட்டியலில் உள்ள வித்தைகளை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். இருவர் சமமாக வந்தால், யோயோவை முன்னால் எறிந்து கையில் பிடிக்காமலே திரும்பத் திரும்ப வளையமாகச் சுழற்றுவார்கள். யார் அதிக வளையம் போடுகிறாரோ அவருக்கே வெற்றி. இப்போதும் புதியவர்களுக்கு 'வித்தை ஏணி' என்ற படிப்படியான சுற்று உண்டு. எந்த வித்தை, எந்த வரிசை, எந்தப் பாட்டு என்ற தெரிவை ஆட்டக்காரர் கையில் கொடுத்தபோது அந்தச் சுற்று பிரீஸ்டைல் ஆனது. தெரிவு மட்டும்தான் அவருடையது. மற்றதெல்லாம் விதி.

அந்த விதிகளைப் பார்த்தால் சொல்லின் பொருள் இன்னும் தெளிவாகும். உலகப் போட்டியின் முதற்சுற்று 1 நிமிடம், இறுதிச்சுற்று 3 நிமிடம். பாட்டை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஆபாச வரிகள் உள்ள பாட்டைக் கொண்டுவந்தால் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம். பாட்டு முடிந்த பிறகு செய்யும் வித்தைக்குப் புள்ளி இல்லை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

புள்ளி போடும் முறைதான் பலருக்கும் புரியாத இடம். சர்வதேச யோயோ சம்மேளனத்தின் முறையில் 100 புள்ளியில் 60 வித்தைக்குப் போகிறது. நடுவர்கள் கையில் கிளிக்கர் என்ற எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு, வித்தையின் ஒவ்வொரு கூறும் சரியாக அமையும்போது ஒரு தட்டு தட்டுவார்கள்; தவறினால் குறைக்கும் தட்டு. ஒரே கூறைத் திரும்பத் திரும்பச் செய்தால் மறுபடி புள்ளி கிடைக்காது. அதிகத் தட்டுப் பெற்றவருக்கு 60 கொடுத்து, மற்றவர்களுக்கு அதே விகிதத்தில் இறக்கிக்கொண்டு போவார்கள். மீதி 40 மதிப்பீட்டுக்கு. துப்புரவாகச் செய்கிறாரா, யோயோ அவர் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, வித்தைகளில் பலவகை உண்டா, மேடை முழுவதையும் பயன்படுத்துகிறாரா, அசைவு பாட்டோடு பொருந்துகிறதா, உடலை எப்படி வைத்துக்கொள்கிறார், பார்ப்பவரை ஈர்க்கிறாரா என்று பார்க்கிறார்கள்.

கடைசியில் கழிவு. யோயோ சுழற்சி நின்றுபோய்க் கையால் மறுபடி சுற்ற வேண்டி வந்தால் 1 புள்ளி போகும். வேறு யோயோவுக்கு மாறினால் 3. கயிறு அறுந்தோ கழன்றோ யோயோ பிரிந்து போனால் 5. மொத்தம் 100 உள்ள இடத்தில் 5 என்பது சின்ன இழப்பல்ல. முன்னணியில் இருப்பவர்களுக்கு இடையில் வித்தியாசம் அதைவிடக் குறைவாக இருப்பது வழக்கமே. புதிய கயிறு போடாமல் மேடையேற வேண்டாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது இதனால்தான். நுவரெலியாப் பக்கம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1,800 மீற்றருக்கு மேலே, பனிமூட்டம் இறங்கும் ஊர். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும். பொலியெஸ்டர் நூல் அவ்வளவாக உறிஞ்சாது. குளிரில் விரல் விறைத்திருந்தால், கையைச் சூடாக்கிய பிறகே ஏற வேண்டும்.

வகைப் பெயர்களிலும் குழப்பம் வரும். ஒரு யோயோவை நூலோடு கோத்து ஆடுவது 1ஏ. இரண்டு கையிலும் இரண்டு யோயோவை வளையமாகச் சுழற்றுவது 2ஏ. நெடுநேரம் சுழலும் யோயோ இரண்டைக் கையாள்வது 3ஏ. யோயோ நூலில் கட்டப்படாமல் அந்தரத்தில் எழும்பி மறுபடி நூலில் வந்து அமர்வது 4ஏ. நூலின் மறுமுனை விரலில் இல்லாமல் ஓர் எதிர்எடையில் கட்டியிருப்பது 5ஏ; இதை 1999இல் ஸ்டீவ் பிரவுன் என்பவர் கண்டுபிடித்தார். ஐந்துக்கும் பிரீஸ்டைல் உண்டு. ஆகவே பிரீஸ்டைல் ஒரு வகையின் பெயர் அல்ல, ஆடும் முறையின் பெயர். பெயர் கொடுக்க வரும் பிள்ளை 'நான் பிரீஸ்டைல்' என்று மட்டும் சொன்னால் போதாது, எந்த வகை என்றும் சொல்ல வேண்டும்.

சரி, தமிழ்ச் சொல். 'கட்டற்ற' என்பது மேலே சொன்ன விதிகளுக்கு நேர் எதிர். 'சுதந்திர' என்றாலும் அதே குறை. 'தனிப்பாணி' என்றால் வேறு யாருக்கும் இல்லாத பாணி என்று ஆகிவிடும். முதல் தடவை மேடையேறும் பத்து வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. 'விருப்ப ஆட்டம்' பொருளளவில் நெருங்கி வருகிறது. ஆனால் 'விருப்பப் பாடம்' என்பதுபோல, ஆடினாலும் ஆடாவிட்டாலும் சரி என்ற தொனி அதில் ஒட்டிக்கொள்கிறது.

'தன்பாணி' என்பதில் 'தன்' தெரிவு யாருடையது என்று சொல்லிவிடுகிறது. 'பாணி' இன்னும் நிறையச் சொல்கிறது. வடமொழி வழியில் அதற்குக் கை என்று பொருள். பழந்தமிழ் இசையில் தாளம் என்றும் பாட்டு என்றும் பொருள். இன்றைய பேச்சில் செய்யும் விதம். கை, தாளம், விதம் என்று யோயோ மேடையில் நடுவர் பார்க்கும் மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லில்கூட இவ்வளவு இல்லை.

மலையகத்தில் 'பாணி' என்றதும் கித்துள் பனையின் இனிப்புப் பாகான கித்துள் பாணி நினைவுக்கு வரும், அல்லது இருமலுக்குக் குடிக்கும் பாணி மருந்து. அதனால் குழப்பம் வருமா என்று யோசித்தேன். வராது. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் மற்றப் பொருளும் பழக்கம்தான். கதை எல்லோருக்கும் ஒன்று, தப்பு மேளத்தின் அடி ஒன்று, எந்த இடத்தில் யார் வரவேண்டும் என்ற ஒழுங்கும் ஒன்று. அப்படியிருந்தும் ஒருவர் மன்மதனாக ஆடி முடித்ததும் "அவரு பாணியே வேற" என்பார்கள் ஊர்க்காரர்கள். விதிக்குள் நின்றுகொண்டே தன்னுடையது என்று ஒன்றைக் காட்டுவதைத்தான் அந்த வார்த்தை பாராட்டுகிறது. பிரீஸ்டைல் கேட்பதும் அதையே.

துணைச் சொற்களில் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். யோயோ நூலின் அடியில் மேலே ஏறாமல் சுழன்றுகொண்டிருப்பதை ஆங்கிலத்தில் தூங்குவது என்பார்கள். இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ஆடாமல் அசையாமல் நின்று சுழலும் பம்பரத்தை 'பம்பரம் தூங்குது' என்று நம் பிள்ளைகளும் சொல்வார்கள். 'யோயோ தூங்குது' என்றால் போதும். அடுத்தது 'பைண்ட்'. பேரிங் யோயோக்களில் பல சும்மா இழுத்தால் மேலே வராது. நூலை மடித்து அச்சுக்குள் ஊட்டிப் பிடிக்கச் செய்தால்தான் வரும். இதை 'நூல் பூட்டு' என்று சொல்லிப் பார்க்கலாம். பழகாவிட்டால் பைண்ட் என்றே இருக்கட்டும்.

அறிவித்தல் எழுதுகிறவர்கள் முதல் முறை 'தன்பாணி ஆட்டம்' என்று எழுதி, பக்கத்தில் 'பிரீஸ்டைல்' என்றும் போடலாம். அடுத்த வரியிலிருந்து தமிழ்ச் சொல் மட்டும் போதும். 'தன்பாணி ஆட்டம், 1ஏ வகை, 1 நிமிடம், பாட்டை முதல் நாளே ஒப்படைக்கவும்' என்று எழுதினால், பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நடுவராக வந்து உட்காரும் டீச்சருக்கும் எதைத் தயார் செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். சான்றிதழிலும் அதே சொல், அதே வரிசை.