எல்லா மூவுக்கும் ஏழு வினாடி

மே மாத லீவில் காரிமங்கலத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் ஒன்பதாவது படிக்கிறான். திண்ணையில் உட்கார்ந்து மொபைலில் செஸ் ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று "மாமா, இவன் மனுஷனே இல்ல, வந்து பாருங்க" என்று கத்தினான். போய்ப் பார்த்தேன், பத்து நிமிட ஆட்டம். இவன் எதிராளியின் குதிரையை வெட்டுகிறான், திருப்பி வெட்ட அவனிடம் ஒரே ஒரு சிப்பாய்தான் இருக்கிறது, அதைக் கொண்டு வெட்டாமல் விட எந்தக் காரணமும் இல்லை, அதற்கும் ஏழு வினாடி எடுத்துக்கொள்கிறான். அப்புறம் ராணியையே பலி கொடுத்து ஆறு மூவ் தள்ளி ஜெயிக்கிற ஒரு பயங்கரமான ஆட்டம், அதற்கும் அதே ஏழு வினாடி. பையன் தோற்றுவிட்டு, கடுப்பில் புகார் பட்டனை அமுக்கினான். மூன்றாம் நாள் செய்தி வந்தது: எதிராளி விதியை மீறியிருக்கிறார், நீ இழந்த பாயிண்டைத் திருப்பித் தருகிறோம்.

"யாருமே பக்கத்துல இல்லாம எப்படி மாமா கண்டுபிடிச்சாங்க?"

நல்ல கேள்வி. இன்றைக்கு ஸ்டாக்ஃபிஷ் மாதிரி ஒரு எஞ்சின், அதாவது செஸ் ஆடுகிற கம்ப்யூட்டர் புரோகிராம், இலவசமாகவே கிடைக்கிறது, சாதாரண போனில் ஓடுகிறது. நார்வேயின் செஸ் சாம்பியன் கார்ல்சன் 2014இல் தொட்ட 2882 என்ற ரேட்டிங்தான் (ஆட்டத் திறமைக்குத் தரும் புள்ளி) மனிதர்களில் உச்சம், எஞ்சின்களின் பட்டியல்களில் 3500க்கு மேல் போகிறது. அளவுகோல் வேறு என்றாலும் நேருக்கு நேர் ஆடினால் மனிதனுக்கு வாய்ப்பே இல்லை. கம்ப்யூட்டருடன் ஆடுவதில் தப்பு ஒன்றும் கிடையாது. லீசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் எஞ்சின்களுக்கென்றே 'பாட்' என்ற முத்திரையோடு தனிக் கணக்கு உண்டு, தெரிந்தேதான் மோதுகிறோம். மனிதன் என்று சொல்லிக்கொண்டு பின்னால் எஞ்சினை வைத்து ஆடுவதுதான் பிரச்சினை.

அப்படி ஆடுகிறவனைப் பிடிக்கத் தளம் செய்கிற முதல் வேலை, அவன் ஆடியதை எஞ்சினிடம் கொடுத்து மார்க் போடச் சொல்வது. ஒரு சிப்பாயின் மதிப்பை நூறு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு மூவிலும் சிறந்ததைவிட எத்தனை பங்கு இழந்தான் என்று பார்ப்பார்கள். இழப்பு குறைவு என்றாலே திருடன் என்று சொல்லிவிட முடியாது. மனப்பாடம் செய்த ஆரம்ப ஆட்டம், வேறு வழியில்லாத வெட்டு, ஏற்கெனவே ஜெயித்துவிட்ட நிலை, இதிலெல்லாம் நானே பிழையில்லாமல் ஆடுவேன். அதனால் இவற்றைக் கழித்துவிட்டு, நாலைந்து மூவ் பார்வைக்கு ஒரே மாதிரி தெரிகிற சிக்கலான இடங்களைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன் (அவரே ஒரு சர்வதேச மாஸ்டர்) உருவாக்கிய முறை இந்த ரகம்தான். இந்த ரேட்டிங் உள்ள ஆள் இந்த மாதிரி நிலைகளில் எத்தனை தடவை எஞ்சினோடு ஒத்துப்போவான் என்று கணித்து, நிஜத்தில் அவன் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறான் என்று அளப்பது.

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பத்தாயிரம் பேரை நிறுத்தி, ஆளுக்குப் பத்துத் தடவை காசு சுண்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய பத்துப் பேருக்குப் பத்துமே தலையாக விழும். ஒருத்தரும் ஏமாற்றவில்லை. அதே மாதிரி, இயல்பிலிருந்து மூன்று திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் சகஜம் என்பதற்கான புள்ளியியல் அளவு) தள்ளிப் போனால் பிடி என்று விதி வைத்தால், பத்தாயிரம் நேர்மையான ஆட்டக்காரர்களில் சுமார் பதின்மூன்று பேர் அநியாயமாக மாட்டுவார்கள். ஐந்து என்று வைத்தால் சுமார் 35 லட்சத்தில் ஒருவர். தினமும் லட்சக்கணக்கில் ஆட்டம் நடக்கிற இடத்தில் ஒரே ஒரு நல்ல ஆட்டத்தை வைத்து ஆளைத் தூக்க முடியாது, பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேறு தடயமும் வேண்டும்.

அந்தத் தடயம்தான் ஏழு வினாடி. எதிராளியின் மூவை இன்னொரு திரையில் தட்டி, பதிலைப் பார்த்து, இங்கே வந்து நகர்த்த ஒரே அளவு நேரம்தான் பிடிக்கும், நிலை எளிதோ கடினமோ அதற்குக் கவலையில்லை. வேறு ஜன்னலுக்குத் தாவினால் அதையும் பிரவுசர் தளத்துக்குச் சொல்லிவிடும். பக்கத்தில் இன்னொரு போன் வைத்திருந்தால் சொல்லாது, நேரக் கணக்கு சொல்லும்.

எப்போதும் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. 2021 ஜூனில் நம் ஆனந்த் நிவாரண நிதிக்காகப் பிரபலங்களோடு ஆன்லைனில் ஆடியபோது ஒரு தொழிலதிபர் அவரையே தோற்கடித்தார். மறுநாளே கம்ப்யூட்டர் உதவி இருந்ததை ஒப்புக்கொண்டார். அதற்குப் புள்ளியியல் எதற்கு!

சந்தேகம் மறுபக்கமும் வரும். 1997இல் ஐபிஎம்மின் செஸ் கம்ப்யூட்டரான டீப் புளூவிடம் தோற்ற உலக சாம்பியன் காஸ்பரோவ், இரண்டாவது ஆட்டத்தில் மெஷினுக்குப் பின்னால் மனிதக் கை இருந்ததோ என்று சந்தேகப்பட்டு அதன் பதிவேடுகளைக் கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்பதே என் கட்சி. இன்றைக்கு இதற்கு வழி இருக்கிறது. போட்டிக்கு முன்பே எஞ்சின் கோப்பின் டிஜிட்டல் கைரேகையை (கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கிற ஒரு சிறு குறியீடு) வெளியிட்டுவிட வேண்டும், ஒரு எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். ஆனால் பிராசஸரின் பல கோர்களில் (ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஓடும் எஞ்சின், அதே நிலையை மறுபடி கொடுத்தால் வேறு மூவ் சொல்லக்கூடும். அதனால் ஒரே கோர், இத்தனை நிலைகளைத்தான் பார்க்கலாம் என்று கட்டிப்போட்டு ஆடவிட்டால், பிறகு யார் வேண்டுமானாலும் அதே அமைப்பில் ஓட்டி, அதே மூவ் வருகிறதா என்று சரிபார்க்கலாம்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி மாமா, ஏழு வினாடியை மாத்தி மாத்தி, ஒண்ணுக்கு மூணு, ஒண்ணுக்கு இருபதுன்னு ஆடினா?"

ஆடலாம். ஆனால் கடினமான இடத்தில்தான் மனிதன் நேரம் எடுப்பான். குத்துமதிப்பாக நேரத்தை மாற்றுகிறவன், ராணி பலிக்கு மூன்று வினாடியும், அந்த ஒற்றைச் சிப்பாய் வெட்டுக்கு இருபதும் எடுத்துக்கொண்டு நிற்பான்.